116 ஆட்டங்களை வென்ற அணிக்கு ஏன் கோப்பை கிடைக்கவில்லை?

கேள்வியை முதலில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர். 2001இல் சியாட்டில் மரைனர்ஸ் என்ற அமெரிக்க பேஸ்பால் அணி ஒரே சீசனில் 116 ஆட்டங்களை வென்றது என்றும், ஆனாலும் இறுதித் தொடருக்குக்கூடப் போகவில்லை என்றும் எங்கோ படித்திருக்கிறீர்கள். அது உண்மையிலேயே பெரிய அணியா, அதிர்ஷ்டத்தில் மேலே வந்ததா, இல்லை முக்கியமான நேரத்தில் பயந்துவிட்டதா என்று கேட்கிறீர்கள். கூடவே, பதிவில் ஒரே ஒரு ஆட்டம் பார்ப்பதென்றால் எதைப் பார்க்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அணி எவ்வளவு நல்லது என்பது ஒரு கேள்வி, அக்டோபர் மாதம் என்ன நடந்தது என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு நல்ல ஆதாரத்தோடு பதில் சொல்ல முடியும். இரண்டாவதில் பாதிதான் முடியும்.

என் பிழைப்பு புள்ளியியல், காப்பீட்டுத் துறையில். சியாட்டிலுக்குப் பக்கத்தில் பல வருடங்களாகக் குடியிருப்பதால் இந்த விளையாட்டு தானாகவே ஒட்டிக்கொண்டது. நான் ஆடியவனும் இல்லை, அணி அறைக்குள் எட்டிப் பார்த்தவனும் இல்லை. அதனால் எண்கள் பேசும் இடத்தில் தைரியமாகப் பேசுவேன். வீரர்களின் மனசுக்குள் என்ன ஓடியது என்பதில் அடக்கி வாசிப்பேன்.

பேஸ்பால் சீசனின் அமைப்பு தெரியாமல் இந்தக் கதை பிடிபடாது. ஏப்ரல் முதல் செப்டம்பர் கடைசி வரை ஒவ்வொரு அணியும் 162 ஆட்டங்கள் ஆடும். கிட்டத்தட்ட தினமும் ஆட்டம், ஓய்வு நாள் அபூர்வம். அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்று இரண்டு லீக்குகள். 2001இல் ஒவ்வொன்றிலிருந்தும் நான்கு அணிகள் அடுத்த கட்டத்துக்குப் போகும். முதலில் ஐந்து ஆட்டத் தொடர், யார் முதலில் மூன்று வெல்கிறாரோ அவர் மேலே. அடுத்து லீக் பட்டத்துக்கு ஏழு ஆட்டத் தொடர். கடைசியில் இரண்டு லீக் சாம்பியன்களும் மோதும் வேர்ல்டு சீரிஸ், அதுவும் ஏழு ஆட்டம். ஐபிஎல்லில் முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் ஒரு பிளே-ஆஃப் தோற்றாலும் இன்னொரு வாய்ப்பு உண்டு, இல்லையா? இங்கே அந்தச் சலுகை கிடையாது. ஆறு மாதம் எல்லோரையும் துவைத்து எடுத்தவனும் ஒரு வாரம் சறுக்கினால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

சரி, அணிக்கு வருவோம். 2001 மரைனர்ஸ் பற்றி என்னை இன்றும் ஆச்சரியப்படுத்துவது 116 என்ற எண் இல்லை. அதற்கு முந்தைய மூன்று வருடங்களில் அவர்கள் யாரையெல்லாம் இழந்தார்கள் என்பதுதான். 1998 ஜூலை கடைசியில் ராண்டி ஜான்சனை ஹூஸ்டனுக்குக் கொடுத்தார்கள். ஆறடி பத்து அங்குல உயரம், இடது கை, அந்தக் காலத்தில் எதிரணிகளை மிரட்டிய பிட்சர் (பந்து வீசுபவர்). 2000 பிப்ரவரியில் கென் கிரிஃபி ஜூனியரை சின்சினாட்டிக்குக் கொடுத்தார்கள். சியாட்டில்காரர்களுக்கு அவர் நம் ஊர் சூப்பர் ஸ்டார் மாதிரி. அந்த வருடக் கடைசியில் அலெக்ஸ் ரோட்ரிகஸ், பத்து வருடத்துக்கு 25 கோடியே 20 லட்சம் டாலர் ஒப்பந்தத்தில் டெக்சஸ் ரேஞ்சர்ஸுக்குப் போய்விட்டார். விளையாட்டு உலகம் அதுவரை கண்டிராத தொகை. மூன்று பேருமே அந்தத் தலைமுறையின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள். மூன்று பேரும் போன பிறகுதான் இந்த அணி உச்சத்தைத் தொட்டது.

ரோட்ரிகஸ் 2001இல் டெக்சஸுக்காக 52 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி, வேலியைத் தாண்டும் அடி) அடித்தார், அவர்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அவருடைய புது அணி 73 ஆட்டங்களை மட்டுமே வென்று, லீக்குக்குள் மரைனர்ஸ் இருந்த அதே பிரிவில் அவர்களுக்கு 43 வெற்றி பின்தங்கி கடைசி இடத்தில் நின்றது. பேஸ்பாலில் ஒரு மேதைக்கும் ஓர் அணிக்கும் உள்ள தூரத்தை விளக்க யாராவது கேட்டால் நான் முதலில் எடுத்துக் காட்டுவது இதைத்தான். பேட்டராக ஒருவருக்கு ஆட்டத்துக்கு நான்கைந்து முறைதான் முறை வரும். எவ்வளவு பெரிய ஆளானாலும் மீதியுள்ள எட்டுப் பேரின் முறையையும் அவரே ஆட முடியாது.

போனவர்களுக்குப் பதிலாக வந்தவர்களைப் பாருங்கள். ஜான்சனுக்கு ஈடாக ஹூஸ்டனிலிருந்து வந்த மூன்று இளைஞர்களில் ஃப்ரெடி கார்சியா 2001இல் 18 வெற்றி, 6 தோல்வி, 3.05 என்ற சராசரியோடு லீக்கிலேயே முதலிடம். இந்தச் சராசரி, ஒன்பது இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, ஒரு பிட்சர் தன் பொறுப்பில் எத்தனை ரன் கொடுக்கிறார் என்பது. குறைவாக இருக்கக் குறைவாக இருக்க நல்லது. இன்னொருவர் கார்லோஸ் கியென், ரோட்ரிகஸ் விட்டுப்போன ஷார்ட்ஸ்டாப் இடத்தில் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில்) நின்றவர். மூன்றாமவர் ஜான் ஹலாமா, பத்து வெற்றி. கிரிஃபிக்கு ஈடாக வந்த மைக் கேமரன், அவருடைய அதே சென்டர் ஃபீல்டில் நின்று, 25 ஹோம் ரன் அடித்து, 34 பேஸ் திருடி (ரன் எடுக்கச் சுற்றிவர வேண்டிய நிலைகள்தான் பேஸ்; அடி விழாமலேயே அடுத்ததற்கு ஓடிவிடுவது திருட்டு), சிறந்த ஃபீல்டருக்கான தங்கக் கையுறை விருதும் வாங்கினார். 1999 சீசனுக்குப் பிறகு அணியின் பொது மேலாளராக வந்த பாட் கில்லிக், ஏற்கெனவே டொரான்டோவுக்கு 1992, 1993 என்று அடுத்தடுத்து இரண்டு கோப்பை வாங்கிக் கொடுத்தவர். ஒரு பெரிய ஓட்டையை ஒரே பெரிய பெயரால் அடைக்க அவர் முயலவில்லை. பல இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினார்.

அப்புறம் இச்சிரோ. இச்சிரோ சுசூகி ஜப்பானில் ஓரிக்ஸ் அணிக்காகத் தொடர்ந்து ஏழு வருடம் பேட்டிங் பட்டம் வென்றவர். அவரோடு பேசும் உரிமைக்கு மட்டும் மரைனர்ஸ் ஓரிக்ஸுக்கு சுமார் ஒரு கோடியே 30 லட்சம் டாலர் கட்டினார்கள். அதுவரை ஜப்பானிலிருந்து மேஜர் லீக் (அந்த இரண்டு லீக்கும் சேர்ந்தது) வந்தவர்கள் பிட்சர்கள்தான். பேட்டர் ஒருவர் வந்து தாக்குப்பிடிப்பாரா என்று அமெரிக்கப் பத்திரிகைகளில் நிறையப் பேர் சந்தேகப்பட்டார்கள். ஒல்லி உடம்பு, பந்தை அடிக்கும்போதே முதல் பேஸை நோக்கிக் கால் நகர்ந்துவிடும் விசித்திர ஸ்டைல். ஜான்சன் அணிந்த 51ஆம் எண் சட்டையை அவருக்குக் கொடுத்தார்கள். ஏப்ரல் 11ஆம் தேதி ஓக்லண்டில், ரைட் ஃபீல்டிலிருந்து மூன்றாம் பேஸுக்கு அவர் எறிந்த ஒரு பந்து டெரன்ஸ் லாங் என்ற ஓட்டக்காரரை வெளியேற்றியது. நேர்கோடு போட்ட மாதிரி, தரையைத் தொடாமல் போன எறி அது. அன்றைக்கே சந்தேகம் பாதி அடங்கியிருக்கும். மீதியை எண்கள் அடக்கின: 242 ஹிட் (அடித்துப் பத்திரமாகப் பேஸை அடைவது), .350 பேட்டிங் சராசரி (நூறு முறை அடிக்கப் போனால் 35 ஹிட்), 56 திருட்டு. அமெரிக்கன் லீக்கின் சிறந்த புதுமுகம், அதிமதிப்பு வாய்ந்த வீரர் என்ற இரண்டு விருதையும் ஒரே வருடத்தில் வாங்கினார். அவருக்கு முன் அதைச் செய்தவர் 1975இல் பாஸ்டனின் ஃப்ரெட் லின் ஒருவர்தான்.

ஆனாலும் இச்சிரோவை வைத்து மட்டும் இந்த சீசனைச் சொல்வது பாதிக் கதை. அவர் முதல் ஆளாகப் போய் பேஸில் நிற்பார். உள்ளே அழைத்துவர பின்னால் ஆள் வேண்டும். அங்கேதான் பிரெட் பூன் 37 ஹோம் ரன் அடித்து, 141 ரன்களை உள்ளே கொண்டுவந்தார். எட்கர் மார்ட்டினெஸுக்கு அப்போது 38 வயது, ஓடச் சொன்னால் பார்க்கவே பாவமாக இருக்கும், ஆனால் 116 ரன்களை உள்ளே கொண்டுவந்தார். ஜான் ஓலெரூட் 95, கேமரன் 110. பிட்சிங்கில் இன்னொரு 38 வயதுக்காரர் ஜேமி மோயர். வேகமே இல்லாத பந்தை வைத்துக்கொண்டு, மூலையிலும் ஓரத்திலும் போட்டுப் போட்டே 20 வெற்றி. எனக்கு இந்த அணியில் மிகப் பிடித்தவர் அவர்தான். கடைசி இன்னிங்ஸ்களுக்கு ஆர்தர் ரோட்ஸ், ஜெஃப் நெல்சன், ஆட்டத்தை முடித்துவைக்க கசுஹிரோ சசாகி (45 சேவ், அதாவது முன்னிலையைக் காத்து முடித்துக் கொடுத்த ஆட்டங்கள்). ஏழாவது இன்னிங்ஸ் முடியும்போது மரைனர்ஸ் முன்னிலையில் இருந்தால் எதிரணி ரசிகர்கள் பார்க்கிங்கை நோக்கி நடக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

ஏப்ரல் மாதம் 20 வெற்றி, 5 தோல்வி. ஜூலை நடுவில் ஆல்-ஸ்டார் இடைவேளை வந்தபோது 63-24. இரண்டு லீக்குகளின் சிறந்த வீரர்களும் மோதும் அந்த வருட ஆல்-ஸ்டார் ஆட்டமும் சியாட்டிலின் சேஃப்கோ ஃபீல்டில்தான் நடந்தது. (இப்போது அதன் பெயர் டி-மொபைல் பார்க்.) மரைனர்ஸிலிருந்து எட்டுப் பேர் தேர்வானார்கள். கார்சியாவுக்கு வெற்றி, சசாகிக்கு சேவ், ஊரே திருவிழாவாக இருந்தது. ஓக்லண்ட் அணியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அவர்கள் அந்த வருடம் 102 ஆட்டங்களை வென்றார்கள். வேறு எந்த வருடமாக இருந்தாலும் அவர்கள்தான் கதாநாயகர்கள். இங்கே 14 ஆட்டம் பின்தங்கி இரண்டாம் இடம்.

செப்டம்பர் 11. தாக்குதலுக்குப் பிறகு மேஜர் லீக் ஆட்டங்கள் அனைத்தும் நிறுத்தப்பட்டு, 17ஆம் தேதிதான் மறுபடி தொடங்கின. அப்போது மரைனர்ஸ் 104-40. 19ஆம் தேதி இரவு ஏஞ்சல்ஸ் அணியை வென்று பிரிவுப் பட்டத்தை உறுதிசெய்தார்கள். வழக்கமாக அந்த இரவில் ஷாம்பெயின் பறக்கும். அன்று பறக்கவில்லை. வீரர்கள் மைதானத்தின் நடுவில் கூடி மண்டியிட்டார்கள், மார்க் மெக்லெமோர் தேசியக் கொடியை ஏந்தி மைதானத்தைச் சுற்றி நடக்க, மற்றவர்கள் பின்னால் போனார்கள். அந்த இடைவெளி அணியின் வேகத்தைக் கெடுத்துவிட்டது என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மறுபடி தொடங்கிய பிறகு ஆடிய 18 ஆட்டங்களில் 12 வெற்றி. முன்பைவிடக் கொஞ்சம் குறைவுதான், ஆனால் 18 ஆட்டத்தில் இந்த வித்தியாசத்துக்கு ஒரு அர்த்தமும் கிடையாது.

அக்டோபர் 6ஆம் தேதி டெக்சஸை 1-0 என்று வென்றது 116வது வெற்றி. 1906இல் சிகாகோ கப்ஸ் எட்டிய எண்ணிக்கைக்குச் சமம். மறுநாள் கடைசி ஆட்டத்தை வென்றிருந்தால் 117, தனிச் சாதனை. 4-3 என்று தோற்றார்கள். ஒரு நியாயத்துக்காகச் சொல்கிறேன்: அந்தப் பழைய கப்ஸ் 152 ஆட்டங்களில் 116 வென்றது, அதாவது நூற்றுக்கு 76.3. மரைனர்ஸ் 71.6. எண்ணிக்கையில் சமம், விகிதத்தில் இல்லை. இன்னொரு ஒற்றுமையும் உண்டு. அந்த கப்ஸும் கோப்பை வெல்லவில்லை. சொந்த ஊர்க்காரர்களான ஒயிட் சாக்ஸிடம் வேர்ல்டு சீரிஸில் 4-2 என்று தோற்றார்கள்.

இப்போது உங்கள் முதல் கேள்வி: பெரிய அணியா, அதிர்ஷ்டமா? என் தொழில் இங்கே கொஞ்சம் உதவும். வெற்றி தோல்வியை மறந்துவிட்டு ரன்களை மட்டும் பார்ப்போம். மரைனர்ஸ் அந்த சீசனில் எடுத்தது 927 ரன், கொடுத்தது 627. எடுத்ததில் இரண்டு லீக்கிலும் முதலிடம், குறைவாகக் கொடுத்ததிலும் முதலிடம். சரியாக 300 ரன் வித்தியாசம். இப்படி ரன் எடுத்துக் கொடுக்கும் அணி வழக்கமாக எத்தனை ஆட்டம் வெல்லும் என்று கணக்கிட, பேஸ்பாலில் வெகுகாலமாகப் புழங்கும் ஒரு சூத்திரம் இருக்கிறது. எடுத்த ரன்னின் வர்க்கத்தை, எடுத்தது கொடுத்தது இரண்டின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுப்பது. போட்டுப் பார்த்தால் 111 வெற்றி வருகிறது. வர்க்கத்துக்குப் பதில் 1.83 என்ற அடுக்கைப் போடுபவர்களும் உண்டு, அவர்களுக்கு 109. ஆக, அதிர்ஷ்டம் கொடுத்தது ஐந்து முதல் ஏழு வெற்றி. மீதி 109உம் உழைத்து வாங்கியது. 109 வெற்றி என்பதே வரலாற்றில் மிகச் சில அணிகள் தொட்ட உயரம்.

சேஃப்கோ ஃபீல்டு பிட்சர்களுக்குச் சாதகமான மைதானம், அதனால்தான் வென்றார்கள் என்று ஒரு வாதம் உண்டு. இது உறுதியாகத் தவறு. சொந்த மைதானத்தில் 57-24, வெளியூரில் 59-22. வெளியூரில்தான் அதிகம் வென்றிருக்கிறார்கள். மைதானம் உதவியது ரன் குறைவதற்கு மட்டும். கேமரனும் இச்சிரோவும் நிற்கும் அகலமான அவுட்ஃபீல்டில் பந்து தரையைத் தொடவே சிரமப்படும்.

வேறு வகை அதிர்ஷ்டம் ஒன்று இருக்கிறது, அது சூத்திரத்தில் வராது. ஒரே வருடத்தில் பலருக்கும் வாழ்நாளின் சிறந்த சீசன் வாய்ப்பது. பூன் அதற்கு முன் ஒரு சீசனில் அடித்த அதிகபட்ச ஹோம் ரன் 24. 141 ரன்களை உள்ளே கொண்டுவந்ததை அவர் மறுபடி எட்டவே இல்லை. பால் அபாட் 17-4 என்று முடித்தார், ஆனால் அவருடைய சராசரி 4.25, சுமார் ரகம். அவர் ஆடிய நாட்களில் பேட்டர்கள் ரன்களைக் கொட்டினார்கள் என்பதே அதன் பொருள். இதையெல்லாம் திட்டமிட்டு வாங்க முடியாது. கில்லிக்கின் திறமைக்கு எவ்வளவு, தற்செயலுக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாரிடமும் தராசு இல்லை. பெரும்பகுதி திறமை என்பது என் அபிப்பிராயம். காரணம், 2000இல் 91 வெற்றி, 2002, 2003 இரண்டிலும் 93 வெற்றி. அடித்தளமே நல்ல அணிதான், 2001இல் அதன் மேல் எல்லாம் கூடிவந்தது.

அடுத்து அக்டோபர். முதல் தொடர் கிளீவ்லண்டோடு. முதல் ஆட்டத்தில் பார்டோலோ கொலோன் அவர்களை ஒரு ரன்கூட எடுக்க விடவில்லை, 5-0. மூன்றாவது ஆட்டத்தில் 17-2 என்று அடி வாங்கினார்கள். 116 வென்ற அணி ஒரே தோல்வியில் வீட்டுக்குப் போகும் நிலை. நான்காவதில் 6-2, ஐந்தாவதில் 3-1 என்று மீண்டார்கள். இரண்டாவது, ஐந்தாவது இரண்டையும் வென்று கொடுத்தவர் மோயர். இச்சிரோ 20 முறை அடிக்கப் போய் 12 ஹிட். ‘பயந்துவிட்டார்கள்’ என்று சொல்பவர்கள் இந்தத் தொடரைப் பற்றிப் பேசுவதே இல்லை.

லீக் பட்டத்துக்கு எதிரே நியூயார்க் யாங்கீஸ். 1998 முதல் மூன்று வருடம் தொடர்ந்து கோப்பை வென்றவர்கள், 2000இல் இதே கட்டத்தில் மரைனர்ஸை வீட்டுக்கு அனுப்பியவர்கள். சியாட்டிலில் நடந்த முதல் இரண்டு ஆட்டங்களையும் 4-2, 3-2 என்று யாங்கீஸ் எடுத்துக்கொண்டது. மேலாளர் (நம் ஊர்ப் பயிற்சியாளர் மாதிரி) லூ பினியெல்லா கொதித்துப்போய், ஆறாவது ஆட்டத்துக்கு மறுபடி இந்த மைதானத்துக்கு வருவோம் என்று சபதமே போட்டார். நியூயார்க்கில் மூன்றாவது ஆட்டம் 14-3 என்று மரைனர்ஸ் பக்கம், மறுபடி மோயர்தான். நான்காவது 3-1, ஐந்தாவது 12-3, இரண்டும் யாங்கீஸ். கதை முடிந்தது. தோற்ற நான்கு ஆட்டங்களிலும் சேர்த்து மரைனர்ஸ் எடுத்தது எட்டே ரன். சீசன் முழுக்க ஆட்டத்துக்கு சராசரி 5.7 எடுத்தவர்கள்.

இதில் அதிர்ச்சி அடைய எவ்வளவு இருக்கிறது? ஒரு எளிய கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மரைனர்ஸின் உண்மையான பலம் நூற்றுக்கு 68, 69 வெற்றி என்று வைத்துக்கொள்வோம். அப்படிப்பட்ட அணி, 95 வெற்றி பெற்ற யாங்கீஸோடு மோதினால் ஓர் ஆட்டத்தை வெல்லும் வாய்ப்பு சுமார் 60 சதவீதம். அதை வைத்து ஏழு ஆட்டத் தொடரை வெல்லும் வாய்ப்பு 71 சதவீதம். மூன்று தொடர்களையும் அந்தந்த எதிரிகளோடு பெருக்கினால், கோப்பை வாங்கும் வாய்ப்பு 40 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே வருகிறது. அக்டோபரில் எதிரணிகள் தங்கள் சிறந்த பிட்சர்களையே இறக்கும் என்பதால் ஓர் ஆட்டத்துக்கான வாய்ப்பை 55 என்று குறைத்துப் பாருங்கள், கோப்பை வாய்ப்பு 22 சதவீதமாகிவிடும். எப்படிப் பார்த்தாலும் அந்த அணி தோற்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். இது மரைனர்ஸுக்கு மட்டும் வந்த விதி இல்லை. 1954இல் கிளீவ்லண்ட் 154இல் 111 வென்று, வேர்ல்டு சீரிஸில் நான்கையும் தோற்றது. 2022இல் டாட்ஜர்ஸ் 111 வென்று, முதல் தொடரிலேயே சான் டியாகோவிடம் வெளியேறியது.

இந்தக் கணக்கில் ஒரு பலவீனம் இருக்கிறது, நானே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரே வாய்ப்பு என்று அது எடுத்துக்கொள்கிறது. நிஜத்தில் அன்றைக்கு யார் பிட்சர் என்பதைப் பொறுத்து நிறைய மாறும். மரைனர்ஸின் பலம் ஆழம். ஐந்தாவது பிட்சர்கூட ஆட்டம் வென்று கொடுப்பார், ஒன்பதாவது பேட்டர்கூட அடிப்பார், பெஞ்சில் மெக்லெமோர் மாதிரி எங்கே விட்டாலும் ஆடும் ஆள் இருப்பார். தினமும் ஆடும் ஆறு மாதத்தில் ஆழம்தான் தங்கம். ஆனால் நடுநடுவே ஓய்வு நாள் உள்ள ஏழு ஆட்டத் தொடரில் ஐந்தாவது பிட்சருக்கு வேலையே இல்லை. யாங்கீஸின் பலம் உச்சியில்: ஆண்டி பெட்டிட், மைக் முசினா, அந்த வருடம் 20-3 என்று சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கிய ரோஜர் கிளெமென்ஸ், கடைசியில் மரியானோ ரிவேரா. இந்த அமைப்பு அக்டோபருக்கென்றே தைத்த சட்டை. இது எனக்குப் பிடித்த விளக்கம். ஆனால் ஐந்து ஆட்டத்தை வைத்து இதை நிரூபிக்க முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். உடல்நிலையும் ஒரு காரணம். சீசன் முடியும் தறுவாயில் கியெனுக்குக் காசநோய் என்று தெரிந்து மருத்துவமனைக்குப் போனார். அந்த இழப்பு ஒரு தொடரைத் தோற்கடிக்கும் அளவுக்குப் பெரியதா என்றால், எனக்குச் சந்தேகம்தான்.

தாக்குதலுக்கு ஆறு வாரம் கழித்து நியூயார்க்கில் யாங்கீஸை யாரால் வென்றிருக்க முடியும், நாடே அவர்கள் பக்கம் இருந்ததே என்று சொல்பவர்களும் உண்டு. மனசைத் தொடும் விளக்கம்தான். ஆனால் அதே யாங்கீஸ் அடுத்து வேர்ல்டு சீரிஸில் அரிசோனாவிடம் ஏழாவது ஆட்டத்தில் தோற்றது, அதுவும் ரிவேரா பந்தில். அரிசோனாவை வெற்றிக்குக் கொண்டுபோன இரண்டு பிட்சர்களில் ஒருவர் யார் தெரியுமா? சியாட்டில் 1998இல் கைவிட்ட ராண்டி ஜான்சன். கர்ட் ஷில்லிங்கோடு தொடரின் சிறந்த வீரர் விருதைப் பகிர்ந்துகொண்டார். சியாட்டில் ரசிகர்களுக்கு அந்த நவம்பர் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அது ஊக்கமருந்துப் பரிசோதனை இல்லாத காலம். அதே 2001இல்தான் பேரி பாண்ட்ஸ் 73 ஹோம் ரன் அடித்தார். மேஜர் லீக்கில் பரிசோதனை தொடங்கியதே 2003இல்தான். அந்தக் காலத்து எந்த அணியின் எண்களையும் இன்றைய எண்களோடு நேருக்கு நேர் வைத்துப் பார்க்கும்போது இந்த நினைவு இருக்கட்டும். குறிப்பாக இந்த அணிமேல் பழி போட என்னிடம் காரணம் ஏதும் இல்லை. எல்லா அணிகளும் அதே காலத்தில்தான் ஆடின, ஆகவே அந்த வருடத்துக்குள் ஒப்பிட்டால் 300 ரன் வித்தியாசம் அப்படியே நிற்கிறது.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். 2001க்குப் பிறகு மரைனர்ஸ் மறுபடி பிளே-ஆஃபுக்குள் நுழைய 2022 வரை ஆனது. 2025இல் லீக் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம் வரை போய், டொரான்டோவிடம் ஒரே ரன்னில் தோற்றார்கள். மேஜர் லீக்கின் 30 அணிகளில் வேர்ல்டு சீரிஸ் மேடையையே பார்க்காத ஒரே அணி இன்னமும் இவர்கள்தான். மார்ட்டினெஸ் 2019இலும் இச்சிரோ 2025இலும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தார்கள். பொது மேலாளராக அணியைக் கட்டிய கில்லிக் அதற்கு முன்பே, 2011இல்.

எந்த ஆட்டம் பார்க்கலாம்? பெரும்பாலானோர் ஆகஸ்ட் 5, கிளீவ்லண்டில் நடந்ததைச் சொல்வார்கள். மரைனர்ஸ் மூன்றாவது இன்னிங்ஸிலேயே 12-0, பிறகு 14-2. இரண்டு மேலாளர்களும் முக்கிய வீரர்களை உட்கார வைத்துவிட்டார்கள். ஏழாவதில் மூன்று, எட்டாவதில் நான்கு, ஒன்பதாவதில் ஐந்து என்று கிளீவ்லண்ட் எடுத்து 14-14. சமன் செய்த அடி ஓமர் விஸ்கேலுடையது, அவர் பழைய மரைனர். பதினொன்றாவது இன்னிங்ஸில் 15-14. 12 ரன் பின்தங்கி வென்றது மேஜர் லீக் சாதனைக்குச் சமம். வேடிக்கைக்கு அதைப் பாருங்கள், நேரம் போவது தெரியாது.

ஆனால் உங்கள் கேள்விக்குப் பொருத்தமானது அக்டோபர் 21, யாங்கீஸோடு நான்காவது ஆட்டம். அபாட் ஐந்து இன்னிங்ஸில் ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல், அதே நேரத்தில் எட்டுப் பேரை நடக்கவிட்டு (தவறான பந்துகளால் இலவசமாக முதல் பேஸுக்கு அனுப்பி), எப்படியோ ரன் இல்லாமல் தப்பிக்கிறார். எதிரே கிளெமென்ஸ், அவரும் ஐந்து இன்னிங்ஸ் ரன் கொடுக்கவில்லை. எட்டாவது வரை 0-0. மேல்பாதியில் (வெளியூர் அணி அடிக்கும் பாதி) பூன் ஹோம் ரன், மரைனர்ஸ் 1-0. இன்னும் ஆறு பேரை வெளியேற்றினால் தொடர் 2-2. கீழ்ப்பாதியில் ரோட்ஸ் பந்தில் பெர்னி வில்லியம்ஸ் ஹோம் ரன், சமன். ஒன்பதாவதில் சசாகி பந்தில் அல்ஃபோன்சோ சோரியானோ ஹோம் ரன், ஆட்டம் முடிந்தது. சீசன் முழுக்க ஆட்டத்தைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்திருந்த அதே இரண்டு பேர். அவர்கள் பயந்து போட்ட பந்துகளா, நல்ல பேட்டர்கள் அடித்த அடிகளா என்று நீங்களே பார்த்து முடிவு செய்யுங்கள். நான் பார்க்கும்போதெல்லாம் இரண்டாவதாகத்தான் தெரிகிறது. உங்களுக்கு வேறு மாதிரி தெரிந்தால் கீழே எழுதுங்கள், பேசலாம்.